உப்புக்காற்று அடிக்கும் வீட்டில் நெட்வொர்க், கேமரா ஒயரிங்: கான்கிரீட்டுக்கு முன்பே யோசிக்க வேண்டியவை

ராமநாதபுரம் கடற்கரையில் புது வீடு கட்டுகிறவர்கள் கரண்ட் ஒயரிங்குக்காக நிறையவே மெனக்கெடுகிறார்கள். ஏசி எங்கே, கிரைண்டர் எங்கே, கட்டில் தலைமாட்டில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று எலக்ட்ரீசியனோடு சுவர் சுவராக நடந்து சாக்பீஸால் குறித்துவிடுகிறார்கள். இன்டர்நெட்டும் டிவியும் கேமராவும் மட்டும் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதற்கப்புறம் ஜன்னல் வழியாக ஒரு ஒயர், கதவு நிலைக்கு மேலே கிளிப் அடித்து இன்னொன்று, மொட்டை மாடியிலிருந்து சன்ஷேடு மேல் தொங்கிக்கொண்டு மூன்றாவது. அழகு கெடுவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளியே தொங்குகிற ஒயரும், வெயிலிலும் காற்றிலும் கிடக்கிற இணைப்பும் இந்தக் கரையில் நாள் தாங்காது. திட்டமிடச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

முதலில் எந்த ஒயர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். விளக்குக்கும் மோட்டாருக்கும் போவது 230 வோல்ட். இன்டர்நெட், கேமரா, வீடியோ காலிங் பெல், டிஷ் ஆகியவற்றின் ஒயர்களில் ஓடுவது மிஞ்சிப்போனால் 57 வோல்ட். பலவற்றில் அதுவும் கிடையாது, வெறும் சிக்னல்தான். பெரிய ஆபத்து இல்லை என்பதாலேயே இவற்றை யாரும் மதிப்பதில்லை.

வீட்டுக்கு மூன்று வகை தெரிந்தால் போதும். முதலாவது கேட் 6 என்கிற நெட்வொர்க் ஒயர். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருக்கும். அந்த முறுக்கில்தான் சூட்சுமம். பக்கத்தில் மோட்டாரோ டியூப் லைட்டோ ஓடினால் வரும் மின் இரைச்சல், ஜோடியின் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே படிப்பதால் இரைச்சல் கழிந்துபோய்விடும். இதற்கு முந்தைய கேட் 5இ ஒயரும் 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் கொண்டுபோகும். கேட் 6 அதோடு, 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட் வரையும் தாங்கும். சுவருக்குள் போய் அடைபடப்போகிற ஒயர் என்பதால் கேட் 6 போடுங்கள். அதற்கும் மேலே கேட் 6ஏ இருக்கிறது. தடிமன் அதிகம், வளைக்கக் கஷ்டம், சாதாரண வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது ஆர்ஜி 6 என்கிற கோஆக்ஸ், மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வருவது. மூன்றாவது ஃபைபர், முடி கனத்தில் ஓடும் கண்ணாடி இழை. தெருவிலிருந்து வீட்டுக்குள் இன்டர்நெட்டைக் கொண்டுவருவது இப்போது பெரும்பாலும் இதுதான்.

சரி, உப்புக்கு வருவோம். காரைக்குடியில் உள்ள சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருப்பிடிப்பதை ஆராய்வதற்கென்றே மண்டபம் ஊரில் தனி மையம் வைத்திருக்கிறது என்றால் இந்தக் காற்றின் வீரியம் புரியும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துரு அரித்து, 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் கொடுத்ததோடு, மூட்டுகளையும் முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். மூட்டு என்பது உப்பு நுழையும் வாசல் என்பது அந்த இன்ஜினியர்களுக்குத் தெரியும். வீட்டு ஒயரிங்குக்கும் அதே கணக்குத்தான்.

காற்றில் வரும் நுண்ணிய உப்பு எல்லாப் பொருளிலும் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் இரவு நேரத்தில் அந்த அளவு சாதாரணமாக வரும். மழை பெய்ய வேண்டியதே இல்லை. விடிகிற நேரத்தில் வெளிச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும்.

இரண்டு வருஷம் வெளியே கிடந்த ஒரு கேமரா பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். புதிதாக இருந்தபோது எட்டுப் பொன்னிறப் பட்டைகள் வரிசையாக மின்னும். இப்போது நான்கைந்து பட்டைகளின் ஓரத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். ஒன்றிரண்டில் பட்டையே கரைந்து கருப்புக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். மேலே இருந்த தங்கப் பூச்சு மிக மெல்லியது, அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அடியில் உள்ள செம்புக் கலவையை உப்பு அரிக்கத் தொடங்கிவிடும். அதே ஒயரில் கேமராவுக்குக் கரண்டும் போகிறதென்றால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும், ஏனென்றால் உப்புநீரில் டிசி கரண்ட் பாயும்போது நேர்முனைப் பட்டை கரைந்துபோகும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பிளக்கிலிருந்து ஒரு அடி தள்ளி ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு புதுசு போலவே பளபளக்கும். ஒயர் நடுவில் சாவதில்லை, நுனியில்தான் சாகிறது.

ஆகவே நம் ஊரில் ஒயரிங் திட்டம் என்றால், நுனிகளை எங்கே வைப்பது என்பதுதான் திட்டம். நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே ஒயராக இழுக்க வேண்டும். இரண்டு நுனிகளில் ஒன்று கட்டாயம் வீட்டுக்குள், காய்ந்த இடத்தில் இருக்க வேண்டும். மற்றது வெளியே இருந்தே ஆகவேண்டும் என்றால் அதற்கு மூடியுள்ள டப்பா வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் நுனிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரட்டும். கரண்டுக்கு மெயின் பாக்ஸ் இருப்பது போல இதற்கும் ஒரு பாக்ஸ். ஃபைபர் வந்து முடியும் கருவி, ரவுட்டர், பல நெட்வொர்க் ஒயர்களை ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச், கேமரா பதிவு செய்யும் என்விஆர் எல்லாம் இங்கே இருக்கும். இடம் தேர்ந்தெடுப்பதில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே காலி இடம் இருக்கிறதே என்று அங்கே வைப்பார்கள். தரை ஈரம், எலி, எறும்பு மூன்றும் அங்கேதான் இருக்கும். பரணில் வைத்தால் மொட்டை மாடிச் சூடு நேரே இறங்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலும் வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வரும் அமில ஆவி உப்புக்கு அண்ணன். கடலைப் பார்த்த வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறை மூன்றையும் விட்டுவிட்டு, வீட்டின் நடுச்சுவர் ஒன்றில், கண் உயரத்தில், காற்றோட்டமுள்ள இடம் பாருங்கள். அங்கேயே மூன்று நான்கு பிளக் பாயின்ட்டும் எர்த்தும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பைப். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒயரைப் பத்து வருஷம் கழித்துக்கூட மாற்றலாம். பைப்பை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். கூரைக்குள் போகும் பைப் என்றால் அதற்கும் வழியில்லை. எனவே பணம் கையைக் கடித்தால் ஒயர் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், பைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாள்தான் கடைசி வாய்ப்பு. அன்று நீங்களே மேலே ஏறிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீசியனிடம் சொல்ல வேண்டியதும் நீளமில்லை: “அண்ணே, நெட்டுக்கும் கேமராவுக்கும் தனி பைப் வேணும். கரண்ட் பைப்புல ஒண்ணையும் விட்றாதீங்க. எல்லாம் நடுச்சுவர் பாக்ஸுக்கு வந்துரணும்.”

தனி பைப் ஏன்? ஒரே பைப்பில் 230 வோல்ட்டும் கேட் 6-உம் போனால், என்றைக்காவது ஒரு நாள் இன்சுலேஷன் உரிந்து இரண்டும் தொட்டுக்கொள்ளும். அப்போது கையில் பிடித்திருக்கும் லேப்டாப் வரை 230 வரலாம். உயிர் விஷயம் இது. அதற்கடுத்துத்தான் இரைச்சல். இரண்டு பைப்பும் பக்கத்தில் பக்கத்தில் நீளமாகப் போவதாக இருந்தால் ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிவந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

அளவு 25 மில்லிமீட்டர். அதில் மூன்று கேட் 6 தாராளமாகப் போகும், நான்கு வரை விடலாம். பைப்பின் உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் அடைக்காமல் இருப்பது நல்ல வழக்கம். இல்லாவிட்டால் இழுக்கும்போது மாட்டிக்கொள்ளும். திரும்பும் இடத்தில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், நீண்டு வளையும் பெண்டு போடச் சொல்லுங்கள். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸ் வரை இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும். ஒயரை மாட்டுக் கயிறு மாதிரி இழுக்கக் கூடாது. சுமார் 11 கிலோ எடை இழுக்கும் விசைக்கு மேல் போனால் உள்ளே ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் வேகம் குறையும். பைப் போட்டதும் ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிறு விட்டு இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். வலை பின்னுகிற ஊரில் நல்ல நைலான் கயிற்றுக்கா பஞ்சம்? பைப் வாயைத் துணியால் அடைத்து டேப் சுற்றிவிட்டால் கான்கிரீட் பாலும் சிமென்ட் சாந்தும் உள்ளே போகாது.

சுவரில் பதிக்கும் பாக்ஸ் இரும்பில் வேண்டாம். உப்புத் தண்ணீரும் உப்பேறிய மணலும் கலந்த பூச்சு என்றால் தகரப் பாக்ஸ் உள்ளிருந்தே துருவேறி, திருகு பிடிக்கும் காது உதிர்ந்துவிடும். பிவிசி பாக்ஸே போதும்.

எங்கெங்கே பாயின்ட்? இரண்டு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாடியிலும் நடுக்கூரையில் வைஃபை கருவிக்கு ஒரு கேட் 6. இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கீழ் ஹாலில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகும்போது சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் போகும், வேகம் இருக்காது. அலையை அலையால் பெருக்கும் ரிப்பீட்டரைவிட, ஒயரில் வரும் இரண்டாவது வைஃபை கருவி பல மடங்கு நிம்மதி. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். இரவு வீடியோ காலில் பேரன் முகம் நடுவில் நின்றுபோனால் அத்தாவுக்கும் உம்மாவுக்கும் எவ்வளவு வருத்தம்! பல வீடுகளில் அந்தத் தடங்கல் வெளியே இல்லை, ஹாலுக்கும் மாடிப் படுக்கையறைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

டிவி இருக்கும் சுவருக்கு இரண்டு கேட் 6, ஒரு ஆர்ஜி 6. டிவிக்குப் பின்னாலிருந்து கீழே மேஜை உயரம் வரை 50 மில்லிமீட்டர் பைப் ஒன்றைத் தனியாக விடுங்கள். எச்டிஎம்ஐ ஒயரின் தலை பெரியது, 25 மில்லிமீட்டர் பைப்பின் வளைவில் திரும்பாது. எச்டிஎம்ஐயைப் பக்கத்து அறைக்கு இழுக்கும் யோசனை வேண்டாம். 4கே படத்தைச் சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பகமாகக் கொண்டுபோகாது. படிக்கும் மேஜைக்கு ஒன்று, வாசல் காலிங் பெல்லுக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒரு வெற்று பைப். அவ்வளவுதான்.

கேமராவுக்கு இரண்டு வழி உண்டு. பழைய வழியில் கோஆக்ஸ் ஒயர், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆருக்குப் போகும், கரண்டுக்கு 12 வோல்ட் ஒயர் தனியாகப் போகும். ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டு வெளி இணைப்புகள் என்று அர்த்தம். புதிய வழியில் ஒரே கேட் 6 ஒயரில் படமும் வரும், கரண்டும் போகும். இதை பிஓஇ என்பார்கள். 2003-ல் வந்த முதல் தரப்படி ஒரு போர்ட்டில் 15.4 வாட், 2009-ல் வந்த அடுத்ததில் 30 வாட். வீட்டுக் கேமராவுக்கு முதலாவதே மிச்சம். இணைப்பு பாதியாகக் குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காகவே கடலோர வீட்டுக்கு நான் பிஓஇ-யைத்தான் சொல்வேன்.

கேமராவை எங்கே மாட்டுவது என்பதிலும் காற்றுக்குப் பங்கு உண்டு. கீழக்கரை, மண்டபம் தென்பக்கம் என்று மன்னார் வளைகுடாவைப் பார்த்த வீடுகளில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் உப்புச் சாரல் அடிக்கும். தேவிபட்டினம், தொண்டி என்று பாக் விரிகுடாப் பக்கம் வாடைக் காற்றில் அடிக்கும். கண்ணாடியில் உப்பு படிந்தால், இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அந்தப் படலத்திலேயே பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பனிமூட்டம் போல வெளுத்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றுகிறவர்கள் உண்டு. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். அதற்குக் கை எட்ட வேண்டும். எனவே சன்ஷேடு நிழலில், எட்டு ஒன்பது அடி உயரத்தில், சின்ன ஸ்டூல் போட்டால் எட்டும்படி மாட்டுங்கள். கேமராவின் பிளக்கை வெறுமனே தொங்கவிடாமல், பின்னால் மூடியுள்ள பிவிசி டப்பாவுக்குள் வைத்து ஓட்டையை சீலன்ட்டால் அடையுங்கள். திருகு துருப்பிடிக்காத எஃகில், முடிந்தால் உப்பை அதிகம் தாங்கும் 316 ரகத்தில் வாங்குங்கள். ஒயர் சுவருக்குள் நுழையும் துளையை வெளிப்பக்கம் தாழ்வாக, சாய்த்துத் துளைக்கச் சொல்லுங்கள். நுழைவதற்கு முன் ஒயர் ஒரு வளைவு கீழே இறங்கிப் பிறகு ஏறினால், ஐப்பசி மழைத் தண்ணீர் ஒயர் வழியே உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பதிவு எத்தனை நாள் நிற்கும்? 1080பி கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குக் கூட வராது. வீடியோவை இன்னும் சுருக்கி எழுதும் எச்.265 முறையில் ஏறக்குறைய பாதி இடம் போதும் என்பதால் பதினோரு நாள் வரை வரும். வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் வீட்டின் அப்லோடு வேகம்தான் முக்கியம், டவுன்லோடு இல்லை. இணைப்பு வாங்கும்போது இரண்டையும் கேளுங்கள்.

ஒயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சந்தையில் விலை மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. பெட்டியில் சிசிஏ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சில பெட்டிகளில் அதுவும் இராது. கம்பி ஒன்றை உரித்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட வெள்ளை தெரிந்தால் வேண்டாம். முழுச் செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே கனத்தில் வித்தியாசம் தெரியும். சிசிஏ எந்த ஊருக்கும் நல்லதில்லை. நம் ஊருக்குக் கூடவே கூடாது. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அது ஒரு குட்டி பேட்டரியாகி அலுமினியத்தைத் தின்றுவிடும். வெளியே போகும் ஒயருக்குக் கருப்பு பாலிஎத்திலீன் உறையுள்ள அவுட்டோர் ரகம் வாங்குங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற ஒயரின் உறை நம் வெயிலில் சில வருஷத்தில் வெடித்துவிடும். கேட்டு வரை மண்ணுக்கடியில் போவதாக இருந்தால் ஜெல்லி நிரப்பிய ரகம் வேண்டும், கடலோரத்தில் மண்ணுக்குள் போட்ட பைப்பில் என்றைக்கும் தண்ணீர் நிற்கும்.

தூரம் 100 மீட்டரைத் தாண்டினாலோ, தனிக் கட்டடத்துக்குப் போவதாக இருந்தாலோ செம்பை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறுங்கள். இறால் பண்ணைக் குளக்கரையில் கேமரா வைக்கிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் வெட்டவெளி, உயரமாக இருப்பது கேமராக் கம்பம் மட்டும்தான். பக்கத்தில் இடி இறங்கினால் செம்புக் கம்பி வழியே அந்த அதிர்ச்சி ஓடிவந்து என்விஆர், ரவுட்டர், டிவி என்று ஒவ்வொன்றாகப் பொசுக்கும். கண்ணாடியில் கரண்ட் பாயாது. ஃபைபரிலும் தாங்குகம்பி எஃகில் இல்லாத ரகமாகக் கேளுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் போவது கரண்ட். எல்லாம் ஒரே பாக்ஸில் இருப்பதன் பலன் அன்றைக்குத் தெரியும். அந்த ஒரு பாக்ஸை இன்வெர்ட்டரில் இணைத்தால், நான்கு பிஓஇ கேமரா, என்விஆர், ரவுட்டர், ஃபைபர் கருவி எல்லாம் சேர்ந்து சுமார் 60 வாட்தான். 150 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், வேறு எதுவும் ஓடாதபோது பத்து மணி நேரம் தாராளமாக வரும்.

ஒயர் இழுத்து முடித்ததும் சுவர்ப் பக்கத்து நுனியில் நேரடியாகப் பிளக் அடிக்காமல் சாக்கெட்டில் முடிக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டிலிருந்து கருவிக்கு பேட்ச் கார்டு, அதாவது இரு முனையிலும் பிளக் உள்ள சின்ன ஒயர், போகட்டும். உப்பு அரித்தாலும் அந்தக் கார்டோடு போகும், நூறு ரூபாய்ச் சமாச்சாரம். கம்பிகளின் வரிசை இரு நுனியிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். பிறகு லேப்டாப்பைச் செருகி இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1,000 மெகாபிட் காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால், நான்கு ஜோடியில் இரண்டுதான் வேலை செய்கிறது என்று பொருள், நுனியை வெட்டி மறுபடி அடிக்க வேண்டும். இதைப் பெயின்டருக்கு முன்னால் செய்து முடியுங்கள். பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு சுவரிலும் டேப் பிடித்துப் பைப் போகும் வழியை செல்போனில் படம் எடுத்து, ஒயரின் இரு நுனியிலும் ஒரே எண் எழுதி ஒட்டி, அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றைப் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.